‘வாங்க’, ‘ஆமாங்க’: இந்த ‘ங்க’ எங்கிருந்து வந்தது?

கேள்வி இதுதான்: ‘வாங்க’, ‘ஆமாங்க’, ‘என்னங்க’ என்று நாள் முழுக்கச் சொல்கிறோமே, அந்த ‘ங்க’வுக்கு என்ன பொருள், அது எங்கே பிறந்தது? கூடவே ‘அவர்’ என்பது ஒருமையா பன்மையா, ‘அவர் வந்தார்கள்’ என்று எழுதலாமா என்றும் கேட்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதால் சேர்த்தே விடை சொல்லலாம்.

‘ங்க’ என்பது ‘கள்’ என்ற பன்மை விகுதியின் பேச்சு வடிவம். மரங்கள், கற்கள், மாடுகள் என்பவற்றில் வருகிற அதே ‘கள்’தான். தமிழில் மரியாதை என்பது பெரும்பாலும் ஒருவரைப் பலராக எண்ணிப் பேசுவது. ஒரு பன்மைச் சொல்லை மரியாதைக்காக ஒருவருக்கே கொடுத்துவிட்டால், உண்மையிலேயே பலரைச் சொல்ல வேறு சொல் வேண்டியிருக்கிறது. அந்தப் புதிய பன்மையையும் சில நூற்றாண்டுகளில் மரியாதை எடுத்துக்கொள்கிறது. ‘அவர்’, ‘அவர்கள்’, ‘நீர்’, ‘நீங்கள்’ எல்லாவற்றின் வரலாறும் இந்த ஒரு சுழற்சிக்குள் அடங்கும்.

தொல்காப்பியத்திலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் இந்த வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது. அதன் ‘கிளவியாக்கம்’ என்ற இயலில் ஒரு நூற்பா:

‘ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவியும்
ஒன்றனைக் கூறும் பன்மைக் கிளவியும்
வழக்கி னாகிய உயர்சொற் கிளவி
இலக்கண மருங்கிற் சொல்லா றல்ல’

ஒரே ஆளைப் பன்மையில் சொல்வதும், ஒரே அஃறிணைப் பொருளைப் பன்மையில் சொல்வதும் மக்கள் வழக்கில் உண்டான உயர்வுச் சொல். இலக்கண நெறிப்படி அது முறையாகாது என்கிறார். ‘உயர்சொற் கிளவி’ என்று அழகாகப் பெயரும் வைக்கிறார், விதிக்கு வெளியேயும் நிறுத்துகிறார். இரண்டாவது அடி தேவையா என்று தோன்றினால் குழந்தைக் கதைகளை நினைத்துப் பாருங்கள். ‘நரியார் மெல்ல வந்தார்’ என்று சொல்கிறோமே, அதற்கான இடம்தான் அது. அந்த நூலின் பாயிரம் ஆசிரியரை ‘தொல்காப்பியன் எனத் தன்பெயர் தோற்றி’ என்று ஒருமையில் சொல்கிறது. நாம் இன்று தொல்காப்பியர், தொல்காப்பியனார் என்கிறோம். விதிக்கு வெளியே அவர் நிறுத்திய வழக்கு அவர் பெயரிலேயே வந்து ஒட்டிக்கொண்டது.

‘தொல்காப்பியனார்’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ‘அன்’ ஆண்பால் ஒருமை விகுதி, அதன்மேல் ‘ஆர்’ பலர்பால் விகுதி. ஒருமையை எடுக்காமலேயே பன்மையைப் பூட்டியிருக்கிறார்கள். நக்கீரனார், பூங்குன்றனார் என்ற புலவர் பெயர்களும் மாமனார் என்ற உறவுப் பெயரும் இந்த அமைப்புதான். தாயார், மாமியார் என்பவற்றில் ‘அன்’ இல்லை, ‘ஆர்’ மட்டும்.

ஆனால் பழங்காலத்தில் நேருக்கு நேர் பேசும்போது மரியாதை என்பது பன்மையைச் சார்ந்திருக்கவில்லை. புறநானூற்றில் அதியமானுக்கு ஔவையார் பாடிய நெல்லிக்கனிப் பாட்டு (புறம் 91) ‘சாதல் நீங்க எமக்கீத் தனையே’ என்று முடிகிறது. ‘ஈத்தனை’ என்பது ‘நீ கொடுத்தாய்’ என்ற முன்னிலை ஒருமை. ‘எமக்கு’ என்பது பன்மை. அரசனுக்கு ஒருமை, பாடுகிற புலவருக்குப் பன்மை! இன்றைய காதில் இது தலைகீழாகக் கேட்கும். அன்று யாருக்கும் அது அவமரியாதையாகப் படவில்லை. கடவுளிடம் பேசும் மொழியும் அப்படித்தான். ‘பெம்மான் இவனன்றே’ என்று சம்பந்தர் இறைவனைச் சுட்டிக்காட்டுவது ஒருமையில். வழிபாட்டில் ‘முருகா, நீதான் காப்பாத்தணும்’ என்று இன்றும் சொல்கிறோம். நெருக்கம் மிகுந்த இடத்தில் பழைய ஒருமை தங்கிவிட்டது.

ஆவண மொழியில் வேறு காட்சி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் ‘நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி ஸ்ரீராஜராஜீஸ்வரமுடையார்க்கு நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ என்று பேசுகிறார். தன்னை ‘நாம்’ என்கிறார். கோயிலில் இருக்கும் இறைவன் ‘உடையார்’. கல்வெட்டுகளில் அரசனுக்கும் ‘உடையார்’, ‘தேவர்’ என்றே வரும். அதே வாக்கியத்தில் ‘பெண்டுகள்’ என்பதில் ‘கள்’ இருப்பதைக் கவனியுங்கள். அங்கே அது வெறும் பன்மை. மரியாதை வேலைக்கு ‘ஆர்’, எண்ணிக்கை வேலைக்கு ‘கள்’ என்ற பங்கீடு அந்த ஒரே வரியில் தெரிகிறது.

இந்தக் ‘கள்’ மனிதருக்கு வந்த கதை தனி. தொல்காப்பியப் பெயரியல் ‘கள்ளொடு சிவணும் அவ்வியற் பெயரே கொள்வழி யுடைய பலவறி சொற்கே’ என்று அதை அஃறிணைப் பெயர்களுக்கு உரியதாகச் சொல்கிறது. ஆக்கள், குதிரைகள், மரங்கள் என்று வரும். மக்களுக்கு அர், ஆர், மார் போன்றவை இருந்தன. திருக்குறளுக்கு வரும்போது அது மனிதர்மேல் ஏறிவிட்டது: ‘மற்றை யவர்கள் தவம்’ (263), ‘பூரியர்கள் ஆழும் அளறு’ (919). இரண்டிலும் உண்மையான பன்மை. ‘பூரியர்கள்’ என்றால் கீழ்மக்கள், அங்கே மரியாதைக்கு இடமே இல்லை. ‘அவர்’ என்பதே பன்மையாக இருக்க, அதன்மேல் இன்னொரு பன்மை விகுதி எதற்கு? ‘அவர்’ மெல்ல மெல்ல ஒருவருக்கும் வழங்கத் தொடங்கியதால், பலரைத் தெளிவாகக் காட்ட அந்தக் கூடுதல் முட்டு தேவைப்பட்டது. கல்லுக்கும் மாட்டுக்கும் இருந்த விகுதி இப்படித்தான் ஆட்களுக்கு வந்தது, பிறகு மதிப்புக்குரிய ஓர் ஆளுக்கு வந்தது.

நன்னூல் (13ஆம் நூற்றாண்டு) வரும்போது இலக்கணத்தின் மனமும் மாறிவிட்டது. ‘உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே’ என்கிறார் பவணந்தி. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகிய காரணங்களால் பாலும் திணையும் மாறி வருவது இயல்பு. ‘சொல்லாறு அல்ல’ என்று நின்ற இடத்தில் ‘இயல்பே’ வந்துவிட்டது. அதே நன்னூல் முன்னிலைப் பெயர்களாக எல்லீர், நீயிர், நீவிர், நீர், நீ என்று ஐந்தைத் தருகிறது. ‘நீங்கள்’ அந்த வரிசையில் இல்லை. நாம் மரியாதையின் அடிப்படை என்று நினைக்கும் சொல் அவ்வளவு பிந்தியது.

‘நீங்கள்’ எப்படி உருவானது என்பதைத் தெரிந்துகொண்டால் ‘ங்க’ முழுவதும் விளங்கிவிடும். ‘நீ’யின் பழைய பன்மை ‘நீம்’ என்று மொழியியலாளர் மீட்டெடுக்கிறார்கள். பழங்கன்னடத்தில் ‘நீம்’ என்ற சொல்லே உண்டு. நீம் + கள் = நீங்கள். தாம் + கள் = தாங்கள். மரம் + கள் = மரங்கள் ஆவது போலவே, ககரத்துக்கு முன்னால் மகரம் ‘ங்’ ஆகிறது. ஏவல் வினையிலும் இதே புணர்ச்சிதான். பழந்தமிழில் பலரை ஏவ ‘கேண்மின்’, ‘வம்மின்’ என்று ‘மின்’ வந்தது. பின்னால் ‘சொல்லும்’, ‘வாரும்’, ‘போம்’ என்று மகரத்தில் முடியும் ஏவல்கள் ‘நீர்’ என்ற சொல்லுக்குத் துணையாக நின்றன. அவற்றின்மேல் ‘கள்’ ஏறியதும் சொல்லுங்கள், வாருங்கள், போங்கள் ஆயின. பேச்சில் கடைசி ‘ள்’ தேய்ந்து சொல்லுங்க, வாங்க, போங்க. எழுத்தில் ‘வாருங்கள்’ என்று ‘ரு’ இருக்க, ‘போங்கள்’ என்பதில் அது ஏன் இல்லை என்று சிலர் குழம்புவதுண்டு. ‘வாரும்’, ‘போம்’ என்ற அடிகள் வேறு வேறு என்பதே காரணம்.

அடுத்த படிதான் மிகவும் சுவையானது. ‘சொல்லுங்க’, ‘வாங்க’, ‘இருங்க’ என்று எல்லா மரியாதை ஏவலிலும் ‘ங்க’ வந்ததால், மரியாதை அந்த ‘ங்க’வில்தான் இருக்கிறது என்று காது பழகிவிட்டது. பிறகு அதை வினையிலிருந்து கழற்றி எதோடும் ஒட்டத் தொடங்கினோம்: சரிங்க, இல்லைங்க, நாளைக்குங்க, யாருங்க, பத்து ரூபாங்க. ‘சரி’யில் மகரமும் இல்லை, பன்மைக்கு வேலையும் இல்லை. இங்கே ‘ங்க’ சொல்லப்படும் பொருளைக் குறிக்கவில்லை, கேட்பவரைப் பார்த்துக் கைகூப்புகிறது.

தேய்ந்துபோன அந்த ‘ள்’ உண்மையில் மறையவில்லை. பின்னால் உயிரெழுத்து வந்தால் வெளியே வந்துவிடும். ‘சரிங்க’ என்பதைக் கேள்வியாக்கிப் பாருங்கள்: ‘சரிங்களா?’ அப்படிங்க, அப்படிங்களா. வந்துச்சுங்க, வந்துச்சுங்களா. எங்கிருந்தோ புதிதாக ஒரு ‘ள’ முளைக்காது. அடியில் ‘ங்கள்’ இருப்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இந்தத் தடத்தில் ஒரு சிக்கலான இடம் உண்டு. ‘அவன் வந்தானுங்க’ என்ற வாக்கியத்தில் வந்தவனுக்கு மரியாதை இல்லை, கேட்பவருக்கு இருக்கிறது. ஒரு தொழிலாளி முதலாளியிடம் தன் மகனைப் பற்றி இப்படிச் சொல்வார். ‘அவனுங்க வந்தானுங்க’ என்றால் கதை வேறு: அந்தப் பயல்கள் வந்தார்கள் என்று பொருள், யாருக்கும் மரியாதை இல்லை. அங்கே ‘ங்க’ பழைய வெறும் பன்மையாகவே நிற்கிறது. ஒரே ‘வந்தானுங்க’வில் ‘கள்’ளின் முதல் வேலையும் கடைசி வேலையும் அருகருகே இருக்கின்றன. எழுத்தில் வட்டார உரையாடல் எழுதுபவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். எழுவாயை விட்டுவிட்டால் எந்த ‘வந்தானுங்க’ என்று வாசகருக்குத் தெரியாது. ‘அவன்’ அல்லது ‘அவனுங்க’ என்று எழுவாயை எழுதிவிடுவதே பாதுகாப்பு.

இன்னொரு குழப்பம்: ‘அப்படிங்கற’, ‘வேணுங்கிறான்’ என்பவற்றில் வரும் ‘ங்க’ இந்தக் குடும்பம் கிடையாது. அது ‘என்கிற’, ‘என்கிறான்’ தேய்ந்தது. ‘பணம் வேணுங்கிறான்’ = ‘பணம் வேண்டும் என்கிறான்’. ‘எங்க ஊரு’ என்பதில் இருப்பது எங்கள், ‘எங்க போற’ என்பதில் இருப்பது எங்கே.

வட்டாரங்கள் இந்த விகுதியை ஆளுக்கொரு விதமாக வைத்திருக்கின்றன. கொங்கு நாட்டில்தான் அது மிக அடர்த்தி. ஏனுங்க, சரிங்க, சொல்லுங்க என்று வாக்கியத்துக்கு வாக்கியம் வரும். இன்னும் தேய்ந்து ‘ஏனுங்’, ‘சரிங்’ என்று ஒற்றோடு நிற்பதும் உண்டு. சின்னக் குழந்தையிடம்கூட ‘சாப்பிடுங்க கண்ணு’ என்பார்கள். அதைப் போலிப் பணிவு என்று நினைப்பவர்கள் ஊரைத் தெரியாதவர்கள். அங்கே அது பேச்சின் இயல்பான ஈரம். மதுரை, ராமநாதபுரம் பக்கம் ‘அவர்கள்’ என்பது ‘அவுக’ ஆகி, ‘அவுக வந்தாக’ என்று வரும். நெல்லைப் பக்கம் ‘அவிய’. அங்கே ‘நீர்’ என்ற சொல்லும் சமவயது ஆண்களுக்கிடையே உயிரோடு இருக்கிறது. யாழ்ப்பாணம் இதை இன்னும் ஒழுங்காகக் காப்பாற்றியிருக்கிறது: நீ – வா, நீர் – வாரும், நீங்கள் – வாங்கோ என்று மூன்று படி. பெண்ணுக்கு மரியாதையாக ‘அவ வந்தவ’ என்ற தனி வடிவமும் உண்டு. தமிழ்நாட்டுப் பொதுப் பேச்சில் நடுப்படியான ‘நீர்’ உதிர்ந்துவிட்டதால், ‘நீ’க்கும் ‘நீங்க’வுக்கும் இடையே நிற்க இடமில்லை. அலுவலகத்தில் புதிதாகப் பழகும் இருவர் எப்போது ‘நீ’க்கு இறங்குவது என்று தயங்குவதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

பொதுப் பேச்சில் ஆண், பெண் வேறுபாடு ஒன்று இருக்கிறது. அயலார் தமிழ் கற்கும்போது இது உடனே பிடிபடாது. எழுத்தில் ‘அவர் வந்தார்’ இருபாலுக்கும் பொது. பேச்சில் ‘அவரு வந்தாரு’ என்றால் ஆண் மட்டும். மதிப்புக்குரிய ஒரு பெண்ணுக்கு ‘அவங்க வந்தாங்க’. அதே ‘அவங்க வந்தாங்க’ பலருக்கும் பொருந்தும். ‘டீச்சர் வந்தாரு’ என்று ஆசிரியையைச் சொன்னால் இலக்கணப்படி பிழையில்லை, ஆனால் கேட்பவர் ஓர் ஆண் ஆசிரியரை நினைத்துக்கொள்வார்.

அக்கம்பக்கத்து மொழிகளைப் பார்த்தாலும் இது தமிழின் தனிப்போக்கு அன்று என்று தெரியும். தெலுங்கில் ‘ரண்டி’ என்றால் வாருங்கள். அந்த ‘அண்டி’ பன்மை ஏவல் விகுதி. அதைக் கழற்றி ‘அவுனண்டி’ என்கிறார்கள். நம் ‘ஆமாங்க’வின் உடன்பிறப்பு. வட கர்நாடகத்தில் ‘பர்ரி’ என்றால் வாங்க, ‘ஹௌத்ரி’ என்றால் ஆமாங்க. மூன்று மொழியும் பன்மை ஏவலின் வாலை அறுத்து மரியாதைச் சொல்லாக்கியிருக்கின்றன.

இனி, எழுதும்போது என்ன செய்வது என்ற நடைமுறைக்கு வருவோம்.

‘அவர்’ இன்றைய உரைநடையில் மரியாதை ஒருமை. அதற்கு ‘வந்தார்’. பலருக்கு ‘அவர்கள் வந்தார்கள்’ அல்லது ‘வந்தனர்’. ‘அவர் வந்தார்கள்’ என்பது கலப்பு, தவிர்க்க வேண்டியது. செய்தி எழுதுபவர்களுக்கு அடிக்கடி நேரும் பிழை ஒரு துணைக்காலில் இருக்கிறது: ‘கூறினார்’ ஒருவர், ‘கூறினர்’ பலர். பழைய இலக்கணத்தில் அர், ஆர் இரண்டுமே பலர்பால்தான். இன்றைய எழுத்து இரண்டையும் பிரித்து வேலை கொடுத்திருக்கிறது, அது பயனுள்ள பிரிவு. ‘அமைச்சர் கூறினர்’ என்று எழுதினால் எத்தனை அமைச்சர் என்று வாசகர் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும்.

பெயருக்குப் பின்னால் ‘அவர்கள்’ போடும்போது அழைப்பிதழ்களில் ‘தலைவர் அவர்கள் தலைமை தாங்கினார்’ என்றும் வருகிறது, ‘தாங்கினார்கள்’ என்றும் வருகிறது. எழுவாயோடு வினை இசைய வேண்டும் என்று பார்த்தால் இரண்டாவதே சரி. முதலாவது மிகப் பரவிவிட்டது. எதை எடுத்தாலும் ஒரே அழைப்பிதழில் ஒருவருக்கு ‘தாங்கினார்’, இன்னொருவருக்கு ‘வாழ்த்தினார்கள்’ என்று வரக் கூடாது. குறைந்த விகுதி கிடைத்தவர் கட்டாயம் கவனிப்பார்.

கடிதத்தில் ‘தாங்கள்’, ‘தங்கள்’ ஒரு படி மேலான மரியாதை. ஆனால் ‘தங்கள்’ படர்க்கைக்கும் வரும் என்பதால் இடறும். ‘ஊழியர்கள் தங்கள் கோரிக்கையை அனுப்பியுள்ளனர்’ என்பதில் கோரிக்கை யாருடையது, ஊழியர்களுடையதா கடிதம் பெறுபவருடையதா? இப்படிப்பட்ட இடத்தில், பெறுபவருடையது என்றால் ‘உங்கள்’ என்று எழுதிவிடுவதே தெளிவு. ஒரே கடிதத்தில் மேலே ‘தங்கள்’, கீழே ‘உங்கள்’ என்று மாறுவதும் கண்ணை உறுத்தும்.

செயலிகள், படிவங்கள் மொழிபெயர்ப்பவர்களுக்கு ‘நீ’யா ‘நீங்கள்’ஆ என்ற சிக்கல் ஒவ்வொரு பொத்தானிலும் வரும். ‘உள்ளிடு’ என்றால் அதட்டுவது போல இருக்கும். ‘உள்ளிடுங்கள்’ என்றால் இடம் போதாது. ‘கையொப்பமிடவும்’, ‘அழுத்தவும்’ என்ற ‘வும்’ வடிவம் யாரையும் உயர்த்தாமல் தாழ்த்தாமல் வேலையை முடித்துவிடும். அரசுப் படிவங்கள் அதையே பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

இலக்கணத்தைத் தாண்டி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த விகுதி யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பது சாதியோடு பின்னிய வரலாறு. அறுபது வயது உழவுத் தொழிலாளியை நிலக்காரர் வீட்டுப் பத்து வயதுப் பையன் ‘வாடா’ என்று கூப்பிட, அவர் ‘சொல்லுங்க’ என்று பதில் சொன்ன காலம் நெடுங்காலம். வயது, அறிவு, உறவு எதுவும் அங்கே அளவாக இருக்கவில்லை. ஒருவருக்கு ‘ங்க’ போடாமல் பேசுவதும் ஓர் ஆயுதமாகவே இருந்தது. அதனால் ‘நீங்க’ என்று அழைக்கச் சொல்லிக் கேட்பதை வீம்பு என்று தள்ளிவிடக் கூடாது. செய்தி எழுதும்போதும் இதைக் கவனிக்க வேண்டும். கைது செய்யப்பட்டவர் ஏழையாக இருந்தால் ‘அவன்’, செல்வாக்குள்ளவராக இருந்தால் ‘அவர்’ என்று எழுதுவது நியாயமில்லை. குற்றம் நிரூபிக்கப்படாத எவருக்கும் ‘அவர்’ போட ஓர் எழுத்துதான் மாறுகிறது.

கடைசியாக, அந்தச் சுழற்சி இப்போது எங்கே நிற்கிறது என்றால், ‘நீங்க’, ‘அவங்க’ இரண்டும் முழுக்க ஒருவருக்கே போய்க்கொண்டிருக்கின்றன. ‘நீங்க வாங்க’ என்று ஒரு குடும்பத்தைப் பார்த்துச் சொன்னால், ‘நான் மட்டுமா, எல்லாருமா?’ என்ற கேள்வி வருகிறது. ஆகவே ‘நீங்க எல்லாரும் வாங்க’, ‘அவங்க எல்லாரும் வந்தாங்க’ என்று சொல்லப் பழகிவிட்டோம். ‘அவர்’ போதாமல் ‘கள்’ வந்த இடத்தில், ‘கள்’ போதாமல் ‘எல்லாரும்’ வந்து நிற்கிறது.